பம்பரத்துக்கு வந்த கைக்கடிகாரம்

பம்பரம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் நாத்தனார் வாயிலிருந்துதான். அப்போது நாத்தனார் ஒரு தையல் ஆலையில் பொத்தான் வைக்கும் பிரிவில் இருந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "நம்ம சின்னவனுக்கு ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன்" என்றாள். சின்னவன் என்றால் என் கொழுந்தன்.

"பொண்ணு எப்படி?" என்று என் மாமியார் கேட்டார்.

"நல்ல பொண்ணுதாம்மா. என்ன, ஒரு இடத்துல நிக்க மாட்டா. நூல் தீந்துபோச்சுன்னா ஓடுறவளும் அவதான், யாருக்காவது தலைவலின்னா மாத்திரைக்கு ஓடுறவளும் அவதான். நாங்க எல்லாரும் பம்பரம்னுதான் கூப்பிடுறது."

"சரி, சொந்தப் பேரு என்ன?"

நாத்தனார் யோசித்தாள். "இருங்க, நாளைக்குக் கேட்டுட்டு வரேன்."

மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவளுக்கே தெரியாத பெயர் எங்களுக்கு எங்கே ஒட்டப் போகிறது? கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று அதிகாரி அதை வாசித்தார், நானும் கேட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அவள் மறுபடி பம்பரமாகிவிட்டாள்.

எனக்கு அவள் ஓர்ப்படி. நான் மூத்தவள், அவள் இளையவள். மாமியார் போன பிறகு வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். முப்பத்திரண்டு வருடம் அப்படி இருந்தோம். எங்களுக்குள் சண்டை வந்ததில்லையா என்றால், வந்தது. துணி உலர்த்தும் கொடிக்காக ஒரு முறை நாலு மாதம் பேசாமல் இருந்தோம். அந்த நாலு மாதமும் அவள் காய்ந்த என் துணியை மடித்து வாசலில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அவளுக்கு ஒரே மகள். மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் தள்ளுவண்டியில் கீழே வரும். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரம், அடுத்து உலர்த்துகிற இயந்திரம், அதற்கடுத்து சூடான உருளைகள். உருளைகளுக்கு நடுவே போன விரிப்பு தேய்த்ததுபோல வெளியே வரும். கடைசியில் மடிக்கிற மேசை. அங்கேதான் பம்பரம்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு ஜோடி நெட்டை என்கிற ஒருத்தி. இவள் இரண்டு முனை, அவள் இரண்டு முனை. ஒரு உதறு உதறி இழுத்துப் பிடித்து நாலு அடி முன்னால் வந்து கொடுப்பார்கள், நாலு அடி பின்னால் போவார்கள், மறுபடி வருவார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. இப்படி எதிரும் புதிருமாகப் பத்தொன்பது வருடம். "என் புருஷன் மூஞ்சியைப் பாத்ததைவிட உன் மூஞ்சியைத்தான்டி அதிகமாப் பாத்திருக்கேன்" என்று நெட்டை சொல்வாளாம். "எனக்கு மட்டும் ஆசையா?" என்பாளாம் இவள்.

நடுவே என் கொழுந்தனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கட்டிலோடு கட்டிலாக நாலு வருடமும் இரண்டு மாதமும் கிடந்தார். மகள் அப்போது வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள், அப்படியே அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். பகலில் பம்பரம் சலவைக்கூடத்தில் இருக்கும்போது நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் வந்ததும் நான் என் பக்கம் வந்துவிடுவேன். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். "வீட்ல உக்காந்து என்னக்கா பண்ண?" என்றாள்.

போன வருடம் மடிக்கிற மேசையருகே மயங்கி விழுந்தாள். கையில் பிடித்த விரிப்போடு சரிந்துவிட்டாள். "நான் இழுக்கிறேன், அந்தப் பக்கம் ஆளே இல்லை" என்று நெட்டை இன்றைக்கும் சொல்லி மாய்வாள். ஆஸ்பத்திரியிலேயே வேலை என்பதால் படுக்கையும் மருத்துவரும் உடனே கிடைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, இந்த அம்மா சரியாகத் தூங்குவதில்லை, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் எண்ணில் பார்த்தால்தான் நம்புவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சின்னப் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினாள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

பெட்டிக்குள் கைக்கடிகாரம். முள் இல்லை, எண் இல்லை, கறுப்புக் கண்ணாடி மட்டும்.

"மணி பாக்க சுவத்துல ஒண்ணு இருக்கேடி" என்றாள் பம்பரம்.

"இது மணி பாக்க இல்லம்மா. உன்னைப் பாக்க."

"என்னைப் பாக்க என்ன இருக்கு?"

"நீ நல்லாத் தூங்குறேங்கிறே. டாக்டர் இல்லேங்கிறாரு. எனக்கு யாரை நம்புறதுன்னு தெரியல. இது பொய் சொல்லாது. முப்பது நாள் கட்டிக்கோ. நீ எவ்வளவு தூங்கினேன்னு என் ஃபோனுக்கு வந்துடும். ராத்திரிக்கு ஆறு மணி நேரம் வந்துச்சுன்னா, நீ உன் வீடு உன் வேலைன்னு இரு. நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டு என்னோட வந்துடணும்."

பம்பரம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, வந்துடுறேன்" என்றாள், ஏதோ கடைக்கு வரச் சொன்னதுபோல.

"பெரியம்மா, நீங்கதான் சாட்சி."

"என்னை ஏன்டி இதுல இழுக்கிறே?"

"நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கீங்க?"

மகளுக்கு அன்று மாலை ரயில். அவளை அனுப்பிவிட்டு வந்து பம்பரம் என் சமையலறையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தாலே எனக்குப் பயம். "அங்க போனா நான் விருந்தாளிக்கா" என்றாள். "விருந்தாளி எத்தனை நாள் உக்காந்திருப்பா? மாப்பிள்ளை நல்லவர்தான். நான் ஒரு டம்ளரை எடுத்தாக்கூட 'வைங்க அத்தை, நான் கழுவுறேன்'ங்கிறாரு. பத்து நாள் இருந்தேன், கை மரத்துப்போச்சு. இங்க எனக்கு ஒரு சாவி இருக்கு, ஒரு மேசை இருக்கு, நெட்டை இருக்கா. அதை விட்டுட்டுப் போயி..." கையில் இருந்த கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புதுக் கடிகாரத்தைப் பற்றி முதல் வாரம் அவள் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதல் குறை, மணி காட்டாது என்பது. கையைத் தூக்கினால்தான் கண்ணைத் திறக்கும். "மணி என்னன்னு கேக்கணும்னா சல்யூட் அடிக்கணும்க்கா. இத்தனைக்கும் இது என் கையில இருக்கு." இரண்டாவது, தினமும் அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். "சுவத்துல இருக்கிறது பதினோரு வருஷத்துல நாலு பேட்டரிதான் கேட்டிருக்கு. இது கைக்குழந்தை மாதிரி." மூன்றாவது, அடிப்பக்கம் பச்சை விளக்கு. கையிலிருந்து கழற்றி வைத்தாலும் கொஞ்ச நேரம் தேடித் தேடி எரியும். அது அவளுக்குப் பிடிக்கவேயில்லை. "யாரையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு."

சலவைக்கூடத்தில் கையில் எதுவும் அணியக்கூடாது. உருளையில் மாட்டிக்கொள்ளும் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மகளோ கட்டச் சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்தால் என்ன என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கட்டு என்றால் எப்போதும் கட்டியிருக்க வேண்டும் என்றுதான் புரிந்துகொண்டோம். நாங்கள் இருவரும் நாலாம் வகுப்போடு நின்றவர்கள். அவள் கடிகாரத்தைக் கணுக்காலில் கட்டி, மேலே காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

காலை ஒன்பது மணி இருக்கும். காலுறைக்குள் ஏதோ விர்ரென்று துடித்தது. பம்பரம் "எலி!" என்று கத்தினாள். நெட்டை விரிப்பை அப்படியே போட்டுவிட்டு மேசைமேல் ஏறி நின்றாள். உருளைப் பக்கம் இருந்தவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். சூப்பர்வைசர் ஓடிவந்தார். காலுறையை இறக்கிப் பார்த்தால், கண்ணாடியில் வாணவேடிக்கை. 'இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள். வாழ்த்துகள்!'

"யாரு வாழ்த்துறா?" என்றாள் நெட்டை, மேசைமேல் இருந்தபடியே.

"கடிகாரம்."

"எதுக்கு?"

"பத்தாயிரம் அடி நடந்துட்டேனாம்."

"நாலு அடிக்கு மேல நாம எங்கேடி போனோம்?" நெட்டை இறங்கிவந்து சூப்பர்வைசரைப் பார்த்தாள். "பத்தொன்பது வருஷமா மடிக்கிறோம். ஒரு நாள் நீங்க வாழ்த்தியிருக்கீங்களா? இதைப் பாத்துக் கத்துக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். அதனால் அன்று தலை தப்பியது.

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் முதல் முறையாக உட்கார்ந்து தேநீர்க் குவளையை எடுத்தபோது அது மறுபடி துடித்ததாம். 'நீண்ட நேரமாக அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடமாடுங்கள்.' காலில் கட்டியிருந்ததில் அதற்கு என்ன குழப்பமோ தெரியவில்லை. "அப்ப எனக்கு அழுகை வந்துடுச்சுக்கா" என்றாள். "கோவமில்ல. சிரிக்கவும் தெம்பு இல்ல. என்னென்னமோ தெரிஞ்ச பொருளு, இதுகூடத் தெரியலியே!"

இதெல்லாம் வேடிக்கை. தூக்கம்தான் வேடிக்கையில்லை.

முதல் நாள் காலையில் எங்கள் பொதுச் சுவரைத் தட்டிவிட்டு வந்து கண்ணாடியை நீட்டினாள். மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கீழே மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"பாஸா, ஃபெயிலா?" என்றேன்.

"தெரியல. ஒரு மூஞ்சி போட்டிருக்கு, பாருங்க. சிரிக்கல."

மறுநாள் மூன்று நாற்பது. அதற்கு மறுநாள் நாலு மணி பத்து நிமிடம், அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. சூடான பால் குடித்துப் பார்த்தாள். எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் பார்த்தாள். தலையணையை மாற்றினாள், கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளினாள். எதற்கும் அது மசியவில்லை. "தூங்கணும் தூங்கணும்னு படுத்தா எப்படிக்கா தூக்கம் வரும்? பரீட்சை ஹாலுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு." ஏழு நாளில் ஒரு நாள்கூட நாலரை மணியைத் தாண்டவில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

மகள் தினமும் போன் செய்தாள். திட்டவில்லை. "பாத்தேன்மா" என்று மட்டும் சொல்வாள். அந்த 'பாத்தேன்மா' தான் பம்பரத்தை அரித்தது.

எட்டாம் நாள் யோசனை சொன்னது நெட்டை. விரிப்பு மடித்துக்கொண்டே, முன்னால் வரும்போது பாதி, பின்னால் போய் வரும்போது மீதி என்று சொல்லி முடித்தாளாம். "அதுக்குக் கண்ணா இருக்கு? யார் கையில கட்டினா அதுக்கு என்ன தெரியும்? உன் ஓர்ப்படியா நல்லாத் தூங்குவாங்கன்னு சொல்லுவியே."

அன்று சாயங்காலம் பம்பரம் என் பக்கம் வந்து கடிகாரத்தையும் போனையும் மேசையில் வைத்தாள். போன் பக்கத்தில் இருந்தால்தான் தூங்கிய கணக்கு மகளுக்குப் போகும். மகள் என்னைச் சாட்சி என்று சொல்லியிருந்தாளே, அதை நினைத்தேன். பிறகு இவள் இல்லாத அந்தப் பக்கத்தை நினைத்தேன். கையை நீட்டினேன்.

தூக்கத்தில் எனக்கு எப்போதும் குறையில்லை. தலை சாய்ந்தால் போதும். என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். "என்னடி, கையில பச்சை விளக்கு எரியுது? போலாம்னு சிக்னலா?"

"நீங்க போறதா இருந்தா சொல்லுங்க, மாத்தி விடுறேன்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணி இருபது நிமிடம். மதிப்பெண் எண்பத்தாறு. அந்த மூஞ்சியும் பல்லைக் காட்டியது. நான் படித்த காலத்தில்கூட இவ்வளவு வாங்கியதில்லை. பம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸாயிட்டோம்க்கா" என்றாள். எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. தொண்ணூறு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் அரை மணி முன்னாலேயே படுத்தேன்.

முதல் எண்பத்தாறு வந்த அன்று சாயங்காலமே மகள் கூப்பிட்டாள். பம்பரம் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். குரல் வெளியே கேட்டது.

"அம்மா! ஏழு இருபது! என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைடி. பால் குடிச்சேன்."

"தினமும் குடி. காலைல எந்திரிச்சதும் அதைத்தான் பாத்தேன். உன் மாப்பிள்ளையை எழுப்பிக் காட்டினேன். மனசு அப்படியே லேசாயிடுச்சும்மா. இனிமே நானும் கொஞ்சம் தூங்குவேன்."

போனை வைத்தபின் பம்பரத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "அவளும் தூங்காமத்தான் இருந்திருக்கா" என்றாள். ராத்திரி கடிகாரத்தைக் கொண்டுவர மாட்டாளோ என்று நினைத்தேன். கொண்டுவந்தாள். "இன்னும் இருபத்திரண்டு நாள்தானேக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்படியே போயிற்று. சாயங்காலம் என் கைக்கு, காலையில் அவள் காலுக்கு. அவள் முதல் பேருந்துக்கு ஓடுவதற்கு முன் நான் கழற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் மகள் போனில் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டோம்.

முப்பதாம் நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாளே, ஞாயிறு காலை பத்து மணிக்கு மகள் வந்து நின்றாள். பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள், "பெரியம்மாவையும் கூப்பிடு" என்றாள். நான் அந்தப் பக்கம் போனபோது பம்பரம் மடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் மேசைத் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, உங்க சுகர் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தாள் மகள்.

"இருக்கு, அது எங்கே போகும்?"

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

"ரெண்டு தடவை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பம்பரம் என்னைப் பார்த்த பார்வை புரிந்தது.

மகள் போனை எடுத்து மேசையில் வைத்தாள். "எட்டாம் நாள்லேருந்து அம்மா ஏழு மணி நேரம் தூங்குறாங்க. சந்தோஷம். ஆனா தினமும் ரெண்டு தடவை எந்திரிச்சு இருபத்தாறு அடி நடந்து போறாங்க, இருபத்தாறு அடி திரும்பி வராங்க. அம்மா, உன் கட்டில்லேருந்து குளியலறைக்கு எத்தனை அடி?"

பம்பரம் மேசைத் துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"ஒன்பது. நான் பிறந்து வளந்த வீடு இது. இருபத்தாறு அடி பெரியம்மா வீட்லதான். அவங்க வீட்லதான் குளியலறை பின்கட்டுல இருக்கு. எங்கம்மா படுத்தா படுத்த மாதிரி கிடப்பா, தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டா. பெரியம்மா, உங்களுக்கு எண்பத்தாறு மார்க்கு. வாழ்த்துகள்."

கையும் களவுமாக மாட்டிய பிறகு என்ன பேச? "வயசான காலத்துல மார்க்கு வாங்கிட்டேன்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சண்டை போட வரல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "மூணாம் வாரமே கண்டுபிடிச்சிட்டேன். கண்டுபிடிச்ச பிறகு முதல் ஏழு நாளைத் திரும்ப எடுத்துப் பாத்தேன். அதுதான் உன்னோடது. பாரும்மா."

கண்ணாடியில் கோடுகள் இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்க முழிச்சிருக்கே. பதினொரு மணி. அப்புறம் ஒரு மணி. அப்புறம் மூணு. அப்புறம் அஞ்சு. அடுத்த நாளும் பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு. ஏழு நாளும் அப்படியேதான். அலாரம் வெச்ச மாதிரி. எந்திரிக்கல, நடக்கல. முழிச்சுக்கிட்டு அரை மணி முக்கால் மணி அப்படியே கிடக்கிறே. ஏன்மா ரெண்டு மணிக்கு ஒரு தடவை?"

பம்பரம் மடித்த துணியை மறுபடி விரித்தாள்.

"அது அப்பாவைத் திருப்பிப் போடுற நேரம்" என்றாள்.

கொழுந்தன் கிடந்த காலத்தில் மருத்துவர் சொன்னது அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று. பகல் முறை என்னுடையது. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று சாயங்காலம் வரை. இரவு முறை அவளுடையது. நாலு வருடம் இரண்டு மாதத்தில் அவர் முதுகில் ஒரு சிவப்புகூட வரவில்லை. மருத்துவரே ஆச்சரியப்பட்டார். அவர் போன மறுநாளே நான் என் முறையை மறந்துவிட்டேன். பகல் பதினோரு மணி வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அவளுக்கு மட்டும் மூன்று வருடமாக அந்த மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் நான் எண்பத்தாறு மதிப்பெண் தூங்கியிருக்கிறேன்.

"எந்திரிச்சு நிக்கிறதில்லை" என்றாள் பம்பரம், ஏதோ சமாதானம் சொல்வதுபோல. "முதல்ல கொஞ்ச நாள் எந்திரிச்சிடுவேன். அப்புறம் அவர் கட்டில் காலியா இருக்குன்னு தெரிஞ்சு படுத்துடுவேன். இப்ப கண்ணு மட்டும்தான் திறக்குது. மறுபடி மூட நேரமாகுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்லுவேன்? எனக்கே இது தூக்கம் வராததுன்னு தோணல. வேலை முடியலேன்னு இருந்துச்சு."

மகள் போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அம்மாவின் கணுக்காலில் இருந்த கடிகாரத்தை அவளே கழற்றினாள். அங்கே தோலில் பட்டை தடித்து வெளுத்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டாள்.

"நீ இங்கேயே இரும்மா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நான் நெஞ்சுக்குள் பெருமூச்சு விட்டேன். நினைத்தது நடந்துவிட்டது என்று எண்ணினேன். பம்பரம் தலையை ஆட்டினாள்.

"இல்லைடி. பேச்சுன்னா பேச்சு. தோத்துட்டேன். அதுலயும் களவாண்டு தோத்திருக்கேன்."

"அம்மா, நான்தான் வேண்டாங்கிறேனே."

"நீ வேண்டாங்கிறே. நான் சொல்லுறதைக் கேளு." அவள் குரலில் பிடிவாதம் இல்லை, சண்டை இல்லை. மாலை ஷிப்டு முடித்து வருகிறவளின் குரல் அது. "மூணு வாரமா இதை என் பக்கத்துல இருக்கிறவங்க கையில கட்டி, காலைல கழட்டி, உன்கிட்ட பொய் சொல்லி, அந்தப் பொய்யைக் கேட்டு நீ சந்தோஷப்பட்டு... எனக்கு அசந்துபோச்சுடி. இப்படிச் சொல்லி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அந்தப் பொருளு நாப்பத்தொண்ணுன்னு போட்ட அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, எனக்கு அசதின்னு. அப்பா கிடந்த கட்டிலு அந்த ரூம்லயேதான் இருக்கு. அதைப் பாத்துக்கிட்டுப் படுத்தா கண்ணு திறக்காம என்ன பண்ணும்?"

"கட்டிலைத் தூக்கிப் போட்டுடலாமே" என்றேன் நான். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"போடலாம்க்கா. அப்புறம் சுவரு இருக்கு, சன்னல் இருக்கு. எல்லாத்தையுமா தூக்கிப் போட முடியும்?"



வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் ஒரு மாதம் போனாள். நெட்டை முதல் வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. முன்னால் வந்து முனையைக் கொடுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போவாள். எட்டாம் நாள், "யோசனை சொன்ன என் நாக்கை அறுக்கணும்டி" என்றாளாம். "அறுத்தா சூப்பர்வைசரை யாரு திட்டுறது?" என்று இவள் சொன்னதும் இரண்டு பேரும் விரிப்பைப் பிடித்தபடியே நின்று சிரித்திருக்கிறார்கள். கடைசி நாள் அறுநூற்றுப் பன்னிரண்டு விரிப்பு மடித்ததாக நெட்டை எனக்குச் சொன்னாள். அவளுக்குப் புது ஜோடியாக வந்தவள் குள்ளமாம். துணி தரையில் புரளுகிறதாம்.

கிளம்பின அன்று பம்பரம் இரண்டு பைதான் எடுத்துக்கொண்டாள். சாவியை என்னிடம் கொடுத்தாள். "வாரத்துக்கு ஒரு தடவை திறந்து காத்து விடுங்கக்கா" என்றாள். விடுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் திறந்து, சன்னலையெல்லாம் திறந்துவைத்துவிட்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருகிறேன். கொழுந்தன் கிடந்த கட்டிலை மாப்பிள்ளை வந்து பிரித்து வண்டியில் ஏற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்.

போனில் பேசுவாள். முதல் இரண்டு மாதம் அங்கேயும் நாலு தடவையும் விழித்தாளாம். மகள் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாளாம். இப்போது பதினோரு மணியும் ஐந்து மணியும் நின்றுபோயின என்கிறாள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இன்னும் விழிக்கிறாளாம். அங்கே அவளுக்கு வேலையில்லை. மாப்பிள்ளை இப்போதெல்லாம் டம்ளரைக் கழுவ விடுகிறாராம். பகலில் சாப்பிட்டதும் படுத்து ஒரு மணி நேரம் தூங்குகிறாள். பகலில் தூங்குகிற பம்பரத்தை நான் பார்த்ததே இல்லை. நம்ப முடியவில்லை என்றேன். "எனக்கும்தான்க்கா" என்றாள்.

போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மகள் வீட்டில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில், பின்பக்க அறையில் இருக்கிறாள்.